வெள்ளைக் கிடாவின் முதுகு

என் அப்பாவின் சாயம் சிவப்பு. அய்யலூர் ஆட்டுச் சந்தையில் தரகர்கள் ஆளுக்கொரு நிறம் வைத்திருப்பார்கள். விலை பேசி முடிந்ததும் தரகர் தன் டப்பாவில் விரலை முக்கி ஆட்டின் முதுகில் ஒரு இழுப்பு இழுப்பார். அந்தக் கோடு விழுந்துவிட்டால் ஆடு கைமாறிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு வேறு ஒருவர் வந்து கூடுதலாகத் தருகிறேன் என்றாலும் ஆட்டுக்காரர் காதில் வாங்கக் கூடாது. எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. கோடு இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான். அப்பா தன் சாயத்தைச் சின்னாளப்பட்டியில் சேலைக்குச் சாயம் போடுகிறவர்களிடம் வாங்குவார். காய்வதற்குள் துடைத்தால் போய்விடும். காய்ந்துவிட்டால் மழையே பெய்தாலும் போகாது.

அப்பா பள்ளிக்கூடம் போனதில்லை. அம்மா எழுத்துக் கூட்டிப் பேருந்தின் பெயர்ப் பலகையைப் படிப்பார். எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். திண்டுக்கல்லில் இயற்பியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது. கல்லூரியில் யாராவது அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால் "பிசினஸ்" என்பேன். வீட்டில் யாராவது எதையாவது தவறாகச் சொன்னால் விடமாட்டேன். இடி முதலில் இடித்துப் பிறகுதான் மின்னுகிறது என்று அப்பா ஒருமுறை சொல்லப்போய், சாப்பாடு ஆறும்வரை அவருக்குப் பாடம் நடத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். மறுநாள் சந்தையில் பத்துப் பேரிடம் அதைச் சொல்லியிருக்கிறார், மின்னலைப் பற்றியல்ல, என்னைப் பற்றி.

இறுதி ஆண்டில் ப்ராஜெக்டுக்காகப் பேராசிரியை எனக்குக் கொடுத்தது ஒளி வடிகட்டிகள். துறையின் கேமராவையும், கூடவே வட்டமான மூன்று கண்ணாடிகளையும் கொடுத்தார். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை, ஒன்று நீலம். லென்ஸுக்கு முன்னால் திருகி மாட்டிக்கொள்ளலாம். நாங்கள் ஃபில்டர் என்போம். அப்பா கடைசிவரை கலர் கண்ணாடி என்றுதான் சொன்னார்.

வேலை இதுதான். கேமராவைக் கறுப்பு வெள்ளையில் வைத்து, ஒரே காட்சியை மூன்று கண்ணாடி வழியாகவும் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று படம் எடுக்க வேண்டும். மூன்றும் சாம்பல் நிறப் படங்கள்தான், ஆனால் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. பிறகு ஒவ்வொன்றுக்கும் அதன் கண்ணாடியின் நிறத்தைக் கொடுத்து, மூன்றையும் கம்ப்யூட்டரில் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் முழு வண்ணப்படம் கிடைத்துவிடும். முதல் தடவை எங்கள் துறை வாசலில் இருந்த செம்பருத்திச் செடி அப்படித் திரையில் நிறம் பெற்று எழுந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

சிவப்புக் கண்ணாடி ஒளிக்கு எதையும் சேர்ப்பதில்லை. நிறம் பூசுகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், நானும் பள்ளியில் அப்படித்தான் நினைத்தேன். அது தடுக்க மட்டுமே செய்கிறது. வெயிலில் எல்லா நிறமும் கலந்திருக்கிறது. சிவப்புக் கண்ணாடி அதில் நீலத்தையும் பச்சையையும் நிறுத்திவிட்டுச் சிவப்பை மட்டும் உள்ளே விடுகிறது. அதனால் நீல வானம் படத்தில் கிட்டத்தட்டக் கறுப்பாகிவிடும், மேகம் மட்டும் வெள்ளையாகத் திரண்டு நிற்கும். வேப்பிலை கறுக்கும். சிவப்பாக இருக்கும் எதுவும் வெளுத்துவிடும், ஏனென்றால் அதிலிருந்து வரும் ஒளி முழுக்க உள்ளே போய்விடுகிறது. பச்சைக் கண்ணாடியை மாட்டினால் நேர்மாறு. இலை வெளுக்கும், செம்பருத்திப் பூ கரிக்கட்டையாகிவிடும்.

கூட்டமும் நிறமும் உள்ள ஒரு காட்சி வேண்டும் என்று பேராசிரியை சொன்னபோது எனக்கு ஆட்டுச் சந்தை நினைவுக்கு வந்தது. அப்பாவிடம் சொன்னதும் அவர் சட்டையை அன்று இரவே இஸ்திரி போட்டு வைத்தார்.

அந்த வியாழக்கிழமை விடியற்காலையில் அவரது டிவிஎஸ்ஸில் பின்னால் உட்கார்ந்து, கேமரா முக்காலியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு வடமதுரை தாண்டிப் போனேன். சந்தைக்குள் நுழைந்ததிலிருந்து அப்பா வேலையைப் பார்க்கவே இல்லை. எதிரே வந்தவரையெல்லாம் நிறுத்தி என்னைக் காட்டினார். பேகம்பூரில் கறிக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் அப்பாவின் பழைய வாடிக்கை. அவர் என் கேமராவைப் பார்த்துவிட்டு, "என்ன மாமு, ஆட்டுக்குக் கல்யாண ஆல்பமா?" என்று கேட்டார். அப்பா சிரித்த சிரிப்பில் பக்கத்து ஆடுகள் மிரண்டன.

பாய்க்கு நல்ல கிடா ஒன்று வேண்டியிருந்தது. எரியோட்டிலிருந்து ஒரு அம்மா தூய வெள்ளையில் ஒரு கிடாவைக் கொண்டுவந்து ஒரு டெம்போவின் சக்கரத்தில் கட்டியிருந்தார். நாற்பது வயதிருக்கும். நீலச் சேலை கட்டியிருந்தார். அப்பா கிடாவின் முதுகை அமுக்கிப் பார்த்தார், பாயுடன் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசினார், அந்த அம்மாவிடம் குனிந்து பேசினார், மூவரும் தலையாட்டினார்கள். நான் அப்போது முக்காலியை நிறுத்திக்கொண்டிருந்தேன். வானத்தில் மேகம் அருமையாக இருந்தது. டெம்போ, வெள்ளைக் கிடா, அதன் கயிற்றைப் பிடித்தபடி அப்பா, பின்னால் வேம்பும் கூட்டமும். "அப்பா, அப்படியே நில்லுங்க, அசையாதீங்க" என்றேன்.

அவர் அசையவில்லை. படம் எடுக்கிற இடைவெளியில் யாராவது நகர்ந்தால் மூன்று படமும் ஒன்றோடொன்று பொருந்தாமல், அந்த ஆள் சிவப்பும் நீலமுமாகப் பேய் மாதிரி வந்துவிடுவார் என்று முதல் நாளே சொல்லிவைத்திருந்தேன். சிவப்பில் ஒன்று எடுத்தேன். கண்ணாடியைக் கழற்றிப் பச்சையை மாட்டி ஒன்று. பிறகு நீலம். கிடாகூட வைக்கோலை மென்றுகொண்டு நின்ற இடத்திலேயே நின்றது. முடிந்ததும் அப்பா மூச்சை விட்டார். பாய் எங்களை டீ குடிக்க இழுத்துக்கொண்டு போனார்.

செத்த நேரத்தில் திரும்பி வந்தபோது சக்கரத்தில் கயிறு மட்டும்தான் கிடந்தது. ஒட்டன்சத்திரம் பக்கத்து வியாபாரி ஒருவருக்கு அந்த அம்மா கிடாவை விற்றுவிட்டார். அவருடைய வண்டியும் போய்விட்டது, அந்த அம்மாவும் கிளம்பிவிட்டிருந்தார். பாய் அப்பாவைப் பார்த்தார். அப்பாவின் முகம் சுருங்கியது. "சாயம் வச்ச ஆட்ட வித்துட்டுப் போயிட்டா" என்றார். பக்கத்தில் இருந்தவர்களிடமும் அதையே சொன்னார். மத்தியானத்துக்குள் சந்தை முழுக்க அந்தப் பேச்சுதான்.

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று மாலை சிவப்புக் கண்ணாடியில் எடுத்த படத்தை மட்டும் கல்லூரிக் கம்ப்யூட்டரிலிருந்து போனுக்கு மாற்றிக்கொண்டேன். வானம் புயலுக்கு முந்தைய வானம் போல் கறுத்து, மேகம் பஞ்சுப்பொதியாக நின்றது. அப்பாவுக்கு அனுப்பினேன். அவருக்கு வானம் கண்ணில் படவில்லை.

"ஏத்தா, நான் செவந்தாப்புல இருக்கேன்ல?" என்றார்.

உண்மைதான், நல்ல நிறமாகத் தெரிந்தார். நம் தோலிலிருந்து சிவப்பு அதிகமாக வருவதால் அந்தக் கண்ணாடியில் எல்லோரும் ஓரிரண்டு மடங்கு வெளுத்துத்தான் தெரிவோம். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, பெண் பார்க்க வந்த அன்றைக்கு இந்தக் கண்ணாடியைத்தான் மாட்டிக்கொண்டு வந்தீர்களா என்று கேட்டார். அப்பா அந்தப் படத்தைத் தரகர்களின் வாட்ஸப் குழுவில் போட்டார்.

அடுத்த வியாழன் நான் வகுப்பில் இருந்தபோது அப்பாவிடமிருந்து போன் வந்தது. குரல் சரியில்லை. அந்தப் படத்தைப் பற்றிச் சந்தையில் பேச்சு நடக்கிறது, செத்த வந்துட்டுப் போ என்றார். நான் போகிற வழியில் ஒரு ஸ்டேஷனரி கடையில் சிவப்புக் கலர் பேப்பர் ஒரு தாள் வாங்கிக்கொண்டேன், பரிசுப் பொருள் சுற்றும் கண்ணாடித் தாள். என்ன நடந்திருக்கும் என்று போனை வைத்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், எனக்கு உற்சாகமாக இருந்தது.

டீக்கடைக்கு முன்னால் தரகர்கள் கூடியிருந்தார்கள். எரியோட்டு அம்மா ஒரு பக்கம் நின்றார். ஒட்டன்சத்திரம் வியாபாரி போனில் என் படத்தைப் பெரிதாக்கி எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். "ஏனுங்க, நாஞ் சொன்னா நம்ப மாட்டீங்க. அவரு புள்ளையே எடுத்த படமுங்க. முதுகு பளிச்சுனு இருக்குதுங்களா இல்லைங்களா?" என்றார். கிடாவின் முதுகு பளிச்சென்றுதான் இருந்தது. ஒரு கோடும் இல்லை. எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா தரையைப் பார்த்தார்.

அந்தச் சந்தையில் தரகருக்கு இருப்பது வாய்ச்சொல் ஒன்றுதான். சாயம் வைக்காமலே வைத்ததாகச் சொன்னவர் என்று ஆகிவிட்டால் அவரிடம் யாரும் ஆட்டைக் காட்ட மாட்டார்கள். அந்த அம்மாவுக்கும் அதே நிலைதான். சாயத்தைத் துடைத்துவிட்டு விற்றவர் என்று ஆகிவிட்டால் அவர் ஆட்டை எந்தத் தரகரும் தொட மாட்டார். இரண்டில் ஒருவர் பெயர் அன்று கெடத்தான் போகிறது என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நான் வகுப்பில் செமினார் எடுப்பதுபோல் ஆரம்பித்தேன். டீக்கடைக்காரரிடம் ஒரு வெள்ளைத் தாள் வாங்கி, அப்பாவின் டப்பாவில் விரலை முக்கி ஒரு கோடு இழுத்தேன். சிவப்புத் தாளை அவர்கள் கண்முன் பிடித்து, அதன் வழியாகப் பார்க்கச் சொன்னேன். கோடு மறைந்துபோனது. ஒருவர் தாளை விலக்கிப் பார்த்தார், மறுபடி வைத்துப் பார்த்தார். அடுத்தவர் பிடுங்கிக்கொண்டார். வெள்ளைத் தாளிலிருந்தும் சிவப்பு வருகிறது, கோட்டிலிருந்தும் சிவப்பு வருகிறது, கண்ணாடி மற்றதையெல்லாம் தடுத்துவிடுவதால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். நான் எடுத்த படம் அப்படிப்பட்ட கண்ணாடி போட்டு எடுத்தது. படத்தில் சாயம் இல்லை என்பதால் ஆட்டின்மேல் சாயம் இல்லை என்று சொல்ல முடியாது.

கூட்டம் பெருகிவிட்டது. ஆட்டைப் பிடித்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார்கள். தாள் கைமாறிக் கைமாறிக் கசங்கியது. ஒரு தரகர் அதன் வழியாக இன்னொருவரின் சிவப்புத் துண்டைப் பார்த்துவிட்டு, "ஏலே, ஒன் துண்டு வெளுத்துப்போச்சுடா" என்றார். நான் சிரித்தேன்.

"அப்ப சாயம் தெரியுற மாதிரி படம் எடுக்கவே முடியாதாக்கும்?" என்று ஒருவர் கேட்டார்.

முடியும் என்றேன். பச்சைக் கண்ணாடியில் சிவப்பு கறுப்பாக விழும், அப்படியும் ஒன்று எடுத்திருக்கிறேன், கல்லூரியில் இருக்கிறது, வேண்டுமென்றால் கொண்டுவருகிறேன் என்றேன். அதெல்லாம் எதற்கு, புள்ளை இம்புட்டுத் தெளிவாகச் சொல்லும்போது என்று சொல்லிவிட்டார்கள்.

எரியோட்டு அம்மா தாளை வாங்கிப் பார்க்கவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ பக்கத்துலதானம்மா நின்ன?" என்றார். "ஆட்டக் கண்ணால பாத்தியா, கண்ணாடியிலதான் பாத்தியா?"

 நான் மேகத்தைப் பார்த்தேன், படத்தின் ஓரங்களைப் பார்த்தேன், வெளிச்ச அளவைப் பார்த்தேன். கிடாவைக் கேமராவின் சின்னத் திரையில் ஒரு வெள்ளைத் திட்டாகப் பார்த்தேன். அதன் முதுகில் என்ன இருந்தது என்று என் கண்ணுக்கு நினைவில்லை. ஆனால் அப்பா சாயம் வைத்தேன் என்று சொல்லியிருக்கிறாரே. "எங்கப்பா வச்சதா சொன்னா வச்சிருப்பாரு" என்றேன். அதையும் சத்தமாகத்தான் சொன்னேன்.

இனி அந்த அம்மாவின் ஆட்டுக்கு யாரும் விலை பேச வேண்டாம் என்று அங்கேயே முடிவானது. அவர் திரும்பி நடந்தார். பின்னாலிருந்து யாரோ, "சாயம் கழுவுன மகராசி போறா, வழிய விடுங்கப்பா" என்றார்கள். சிரிப்பு எழுந்தது. திரும்பும்போது அப்பா எனக்கு வடமதுரையில் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார். அவர் குடிக்கவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப்போயிருக்கிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் கல்லூரியில் அந்தப் பச்சைப் படத்தைத் திறந்தேன். அப்பாவுக்குக் காட்டலாம், குழுவில் போடச் சொல்லலாம் என்றுதான் திறந்தேன். வேப்பிலை வெளுத்திருந்தது. அப்பாவின் முகம் அவருடைய சொந்தக் கறுப்பைவிடக் கறுத்திருந்தது. பக்கத்தில் யாரோ கட்டியிருந்த சிவப்புத் தலைப்பாகை கரியாக விழுந்திருந்தது. கிடாவின் முதுகு வெள்ளையாக இருந்தது.

பெரிதாக்கினேன். காது முதல் வால் வரை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். மயிர் மயிராகத் தெரிந்தது. கோடு இல்லை. பிறகு மூன்று படங்களையும் அடுக்கினேன். வானம் நீலமானது, அந்த அம்மாவின் சேலை நீலமானது, கூட்டத்தில் நகர்ந்தவர்கள் நிறப்பேய்களாகத் தெரிந்தார்கள். நடுவில் அசையாமல் என் அப்பா, தெளிவாக, அவருடைய நிறத்தில். அவருக்குப் பக்கத்தில் சாயமே படாத வெள்ளைக் கிடா. இடது கையில் கயிறு. வலது கையில் சாய டப்பா, மூடி திறக்காமல். நான் அசையாதீர்கள் என்று சொன்ன நொடியில் அவர் அதைத் திறக்கப் போயிருக்கிறார்.

பக்கத்து மேசையிலிருந்த தோழி எட்டிப் பார்த்து, படம் சூப்பராக வந்திருக்கிறது, இதையே முதல் பக்கத்தில் போடு என்றாள். நான் படத்தைச் சிறிதாக்கினேன்.  அந்த டீக்கடை வாசலில் நான் நின்ற நிலையும், கையை வீசிப் பேசியதும், சிரித்ததும் ஒவ்வொன்றாக எனக்கே திரும்பத் தெரிந்தன. நான் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. சிவப்பு சிவப்பில் மறையும் என்பது சரி. ஆனால் அது சாயம் இருந்தது என்பதற்குச் சாட்சியாகாது. அன்று நான் அந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன், கேட்டவர்களும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். படிக்காதவர்கள் அப்படி எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. நான் படித்தவள்.

அன்று மாலை வீட்டில் அப்பாவிடம் படத்தைப் போனில் காட்டினேன். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் பார்த்தார். தன் கையில் இருந்த டப்பாவைத்தான் பார்த்தார்.

அன்று டீ குடித்துவிட்டுத் திரும்பியபோது சாயம் வைத்ததாகத்தான் நினைத்தேன் என்றார். கையின் பழக்கம் அப்படி, விலை முடிந்தால் விரல் தானாக டப்பாவுக்குப் போய்விடும். இரவு டப்பாவைக் கழுவும்போதுதான் சந்தேகம் வந்ததாம். அதற்குள் ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. ஒட்டன்சத்திரத்துக்காரர் படத்தைக் காட்டியபோது ஒப்புக்கொண்டுவிடலாம் என்றுதான் என்னைக் கூப்பிட்டாராம், பக்கத்தில் நான் இருந்தால் கொஞ்சம் தைரியமாக இருக்கும் என்று.

"நீ வந்து அம்புட்டுப் பேரு முன்னாடி பேசவும்..." என்று நிறுத்தினார். "எனக்கு வாயெடுக்க முடியலத்தா."

அம்மா அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் கேட்காதபோது இந்தப் படத்தை நீயாக எதற்குச் சந்தைக்குக் கொண்டுபோகிறாய், அப்பா பேரைக் கெடுக்கவா உன்னைப் படிக்க வைத்தோம் என்றார். இனி அந்தப் பொம்பளை வேறு சந்தையைப் பார்த்துக்கொள்வாள் என்றார்.  அம்மா சொல்வது நடந்துவிட்டால் நன்றாக இருக்குமே என்று எனக்கும் தோன்றியது. அந்த வாரம் முழுக்க அந்த எண்ணம் போகவில்லை. கல்லூரியில் பேராசிரியை மூன்று படங்களையும் பார்த்துவிட்டு எல்லோர் முன்னிலும் பாராட்டினார். நான் நன்றி சொல்லிவிட்டு, தலை வலிக்கிறது என்று வெளியே வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை அப்பா வண்டியை வெளியே எடுத்து நிறுத்தினார். கிளம்பவில்லை. நான் வருகிறேனா என்று கேட்கவும் இல்லை. நான் போய் ஏறிக்கொண்டேன்.

எரியோட்டு அம்மா வந்திருந்தார். சந்தைக்கு வெளியே, ரோட்டோரத்தில், இரண்டு குட்டிகளைப் பிடித்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். உள்ளே போகும் தரகர்கள் அந்தப் பக்கம் திரும்பாமல் போனார்கள். நாங்களும் அவரைக் கடந்துதான் உள்ளே போனோம்.

டீக்கடையில் அன்றிருந்தவர்களே இருந்தார்கள். நான் போனை எடுத்து, இது பச்சைக் கண்ணாடியில் எடுத்தது, இதில் சிவப்பு கறுப்பாகத் தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை, அப்படியென்றால் சாயம் இல்லை என்று சொன்னேன். போன வாரம் இருந்த குரல் வரவில்லை. ஒரு தரகர் போனை வாங்கிச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"நீதானத்தா சொன்ன, படத்துல இல்லைன்னா ஆட்டுல இல்லைன்னு ஆகாதுன்னு?" என்றார்.

அது சிவப்புக் கண்ணாடிக்கு என்றேன். சிவப்புக் கண்ணாடி சிவப்பை மறைக்கும், பச்சைக் கண்ணாடி வேறு எதையாவது மறைத்திருக்கும் என்றார் அவர். பச்சை சிவப்பை மறைக்காது, கறுப்பாக்கும் என்றேன். அவர் படத்திலிருந்த வெள்ளைக் கிடாவைக் காட்டி, கறுப்பாக ஒன்றும் காணோமே, அப்போது உன் கண்ணாடிதான் சரியில்லை என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சொல்லிக்கொடுத்ததை அவர்கள் நன்றாகவே கற்றிருந்தார்கள். படத்தை நம்பக் கூடாது என்பதுதான் அவர்களுக்கு நான் நடத்திய பாடம். போன வாரம் சிவப்புத் தாள் கொண்டுவந்த எனக்கு, இந்த வாரம் பச்சைத் தாள் கொண்டுவரத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும் அதைப் பார்க்க யாருக்கும் பொறுமை இருந்திருக்காது. பாயும் அங்கே இருந்தார். "போதும் விடு பாப்பா, போன ஆட்டப் பத்தி எதுக்கு" என்றார்.

"நான் சாயம் வைக்கல" என்றார் அப்பா.

மெதுவாகச் சொன்னார். பாய் என்ன என்று கேட்டார். அப்பா மறுபடியும் சொன்னார். டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர், இந்தப் புள்ளைக்காகச் சொல்றீரா என்று கேட்டார். அப்பா, இல்லை, மறந்துட்டேன், அந்தப் பொம்பள மேல தப்பில்ல என்றார். அப்புறம் வந்தவர்கள் என்னவாம் என்று கேட்டார்கள், அவர்களுக்கும் அவரே சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். யாரும் அவரைத் திட்டவில்லை. பாய் மட்டும் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல மாமு" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

பிறகு நாங்கள் ரோட்டோரத்துக்குப் போனோம். அப்பா அந்த அம்மாவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சாயம் வைக்கவில்லை, உள்ளே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே தாயி என்றார். அந்த அம்மா குட்டியின் கழுத்துக் கயிற்றைத் தளர்த்திக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"டீக்கடையில நாலு பேருகிட்டச் சொல்லிட்டா ஆச்சாண்ணே?" என்றார் அப்பாவிடம். "அன்னைக்கு இந்தப் புள்ள மைக் இல்லாமயே சந்தைக்கே கேக்குற மாதிரி பேசுச்சு. எங்க ஊரு வரைக்கும் வந்துருச்சு அந்தப் பேச்சு. எம் மக வேலைக்குப் போற பஸ்ஸுலயே சாயம் கழுவுனவ மகளான்னு கேக்குறானுக. இன்னைக்கும் அதே சத்தத்துல சொல்லட்டும்."

அப்பா நான் சொல்கிறேன் என்று எழுந்தார். "நீங்க வேணாம்ணே. அதுதான் சொல்லணும்" என்றார் அவர்.

சந்தை வாசலில் ஆடு ஏற்றுவதற்காகச் சரிவாகக் கட்டிய ஒரு மண்மேடு இருந்தது. அதில் ஏறி நின்றேன். கீழே ஆடுகளும் தலைகளும்.  முதல் வாக்கியம் வெளியே வரவே இல்லை. இரண்டாவது தடவை கத்தினேன். போன வாரத்துக்கு முந்தின வாரம் விற்ற வெள்ளைக் கிடாவில் எங்கப்பா சாயம் வைக்கவில்லை, எரியோட்டு அம்மா எதையும் துடைக்கவில்லை, நான் பார்க்காமலேயே பேசிவிட்டேன் என்றேன். கலர் பேப்பர் பிடித்துக் காட்டிய அன்று ஆட்டைப் பிடித்துக்கொண்டே ஓடிவந்தார்களே, அந்தக் கூட்டத்தில் பாதிகூட இல்லை, கால்வாசிகூட இல்லை. பக்கத்தில் நின்ற சிலர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் என்னவாம் என்று கேட்க, இன்னொருவர், "படம் எடுக்குற புள்ளைடா, என்னமோ சொல்லுது" என்றுவிட்டு ஒரு ஆட்டின் வாயைப் பிளந்து பல் பார்க்கப் போனார். நான் மறுபடி சொன்னேன். இன்னும் சிலர் திரும்பினார்கள். எத்தனை பேருக்குக் கேட்டதென்று தெரியாமல் நான் சொல்லிக்கொண்டே இருந்தேன், அந்த அம்மா போதும் என்று கையைக் காட்டும்வரை.

இறங்கி வந்தபோது அப்பா அவரிடம் குட்டிகளுக்கு நானே விலை பேசித் தரட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கோபப்படவில்லை. வேறு யாராவது வரட்டும் என்று மட்டும் சொன்னார்.

நாங்கள் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் வண்டியை நிறுத்தியிருந்த இடத்துக்குப் போனோம். அப்பா சாவியைப் போட்டார், ஆனால் கிளப்பவில்லை. நானும் ஏறவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தரகர்கள் ஒவ்வொருவராக அந்த அம்மாவைக் கடந்து உள்ளே போவதும் வருவதுமாக இருந்தார்கள். அந்த அம்மா சேலைத் தலைப்பை எடுத்துக் குட்டிகளுக்கு நிழலாகப் பிடித்தார். வெகுநேரம் கழித்து, எங்களுக்கு அதிகம் பழக்கமில்லாத ஒரு தரகர் வந்து அவர்முன் நின்றார், ஏதோ கேட்டார், குனிந்து ஒரு குட்டியைத் தூக்கிக் கையில் எடை பார்த்தார். அந்த அம்மா எழுந்து நின்றார்.

அப்பா வண்டியைக் கிளப்பினார்.